தூக்கத்துக்குக் காவல்

சிஸ்டரம்மா நடந்து வந்தால் சத்தமே கேட்காது. பூனைகூடக் கொஞ்சம் சத்தம் போடும். நமக்குப் பின்னால் வந்து நிற்கிறார் என்பது டெட்டால் வாசனையை வைத்துத்தான் தெரியும். அதோடு கொஞ்சம் பவுடர் வாசனை. இப்போதும் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் மற்றவர்களுக்கெல்லாம் ஊசி பயம் வருகிறது, எனக்குத் தூக்கம் வருகிறது. டாக்டரே ஒரு முறை என்னைத் தட்டி எழுப்பித்தான் என்ன உடம்புக்கு என்று கேட்டார்.

ஆம்பூரை விட்டு மலைப்பக்கம் போகிற சாலையில், மாந்தோப்புக்கு நடுவே அந்தப் பங்களா இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு தோல் வியாபாரி கட்டியதாம். ஓட்டுக் கூரை, ஆனை நுழைகிற மாதிரி கதவுகள், சுற்றிலும் வராந்தா, சன்னலுக்கு மேலே பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடி. மத்தியான வெயில் அந்தக் கண்ணாடி வழியாக இறங்கினால், தரையில் யாரோ சாயப் புடவையைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். நான் பெருக்கும்போது அந்த வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் பெருக்குவேன். அது நகராது. மறுநாளும் பெருக்குவேன்.

அங்கே ஒரு பெரிய எழுத்தாளர் இருந்தார். நாங்கள் ஐயா என்போம். எவ்வளவு பெரியவர் என்று படிக்கத் தெரியாத எனக்கு எப்படித் தெரியும்? மெட்ராஸிலிருந்து காரில் வருகிறவர்கள் செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, சுடுகிற மண்ணில் குதித்துக் குதித்து வருவார்கள். அதை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஐயாவுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சிஸ்டரம்மா வேலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ரிட்டையரானவர். ஐயாவைப் பார்த்துக்கொள்ள வந்து அங்கேயே தங்கிவிட்டார். வெள்ளைப் புடவை, தோள்பட்டையில் குத்தின சின்ன கடிகாரம், ரப்பர் செருப்பு. நான் பெருக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போனேன்.

எனக்கு வாய் நிற்காது. பாத்திரத்தோடு பேசுவேன், விளக்குமாற்றோடு பேசுவேன். முதல் நாள் மத்தியானம் சமையல்கட்டில் குண்டானைத் தேய்த்துக்கொண்டு, என் மாமியார் செய்த அக்கிரமத்தையெல்லாம் அந்தக் குண்டானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. டெட்டால் வாசனை. நான் செத்தேன் என்றே நினைத்தேன். சிஸ்டரம்மா மூடியிருந்த அறைக்கதவைக் கண்ணால் காட்டிவிட்டுக் கடிகாரத்தைக் காட்டினார். மணி பார்க்கவும் எனக்குத் தெரியாது. பிறகுதான் புரிந்தது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அந்த வீட்டில் மாவிலை விழுந்தாலும் மெதுவாகத்தான் விழவேண்டும்.

சத்தம் வருகிற இடத்தையெல்லாம் அவர் காயம் மாதிரிதான் பார்த்தார். கேட்டின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டால் எண்ணெய் விட்டு, பஞ்சு வைத்து, வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டுவிடுவார். கிணற்று ராட்டினத்துக்கு ஒரு கட்டு. வாளிப் பிடிக்கு ஒரு கட்டு. ஊஞ்சல் சங்கிலிக்கு மேலிருந்து கீழ்வரைக்கும் கட்டு. பசுமாட்டுக் கழுத்து மணிக்குள்ளே பஞ்சு. புதிதாக வருகிறவர்கள் அந்த வீட்டுக்கே ஏதோ விபத்து நடந்துவிட்டது என்று நினைப்பார்கள். என் கொலுசையும் விடவில்லை. இரண்டு காலிலும் கட்டோடு நான் ஊருக்குள் போக, ஆளாளுக்கு எங்கே விழுந்தாய் என்று விசாரித்தார்கள். ஒருத்தி முட்டைகூடக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சேவலுக்குத்தான் கட்டுப் போட முடியவில்லை. அதற்குக் காலை எது, மத்தியானம் எது என்று தெரியாது. சிஸ்டரம்மா அதை விலை பேசி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் குழம்பு வைத்துவிட்டார். ஐயா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வதக்கல். அந்தக் கத்தரிக்காயைப் பற்றி ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது, இதை எழுதிக்கொண்டிருக்கிற என் பேத்தி இப்போதே முறைக்கிறாள்.

கொஞ்ச நாளில் ஊரே பழகிவிட்டது. டவுன் பஸ் டிரைவர் மாந்தோப்பு வந்தால் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார். தோல் ஏற்றிக்கொண்டு வருகிற லாரிக்காரர்களுக்குக் கேட்டருகே மோர்ப்பானை இருக்கும். குடித்துவிட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு போவார்கள். கீரைக்காரி கூவாமல் நடப்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த இடத்தில் மட்டும் சண்டையை நிறுத்திவிட்டுத் தாண்டியதும் தொடருவார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான், ஐயா எழுதுகிறார். சிஸ்டரம்மா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. மூடிய கதவுக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரமும் வீடு தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி இருக்கும். பச்சை வெளிச்சம் சுவரில் ஆடும். நான் மனசுக்குள்ளேயே பேசப் பழகினது அங்கேதான். உள்ளே பேசினால் இன்னும் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது, யாரும் குறுக்கே பேசுவதில்லை.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். டிரம் என்றால் ஆளைவிடப் பெரிய மர உருளை. தோலையும் தண்ணீரையும் மருந்தையும் போட்டுச் சுற்றவிடுவார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் காலையில் வருவார். எங்கள் வீடு தகரக் கூரை. வேலூர் வெயிலில் அதற்குள் பகலில் படுத்தால் மனுஷன் அப்பளம். ஒரு நாள் பங்களாவுக்கு விறகு பிளக்க வந்தார். சிஸ்டரம்மா அவர் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் பார்க்கிற மாதிரி. கோடாரியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பின்பக்க வராந்தாவில் பாயை விரித்தார்.

இவர் கூச்சப்பட்டுத் தூணோடு ஒட்டி நின்றார். "வேணாம்மா. ஒடம்புல தோல் வாசம் அடிக்கும்."

"தூங்கறப்ப எல்லா உடம்பும் ஒரே வாசம்தான். படுங்க" என்றார் சிஸ்டரம்மா.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் தினமும் அங்கேதான் தூங்கினார். நாங்கள் நடந்து போனால் மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டு, சொல்லவேண்டியதில்லை. ஐயாவின் அண்ணன் மகன் மெட்ராஸிலிருந்து வந்தபோது, காரை நிழலில் நிறுத்தவேண்டும், அந்த ஆளை எழுப்பி அனுப்புங்கள் என்றான். கார் வெயிலிலேயே நிற்கட்டும் என்று சிஸ்டரம்மா சொல்லிவிட்டார். திரும்பிப் போகும்போது அவன் சீட்டில் உட்காரமுடியாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து நான் மனசுக்குள் சிரித்த சிரிப்பு மலைவரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. காய் நறுக்கினால் தோல் விழுகிறது, துணி தைத்தால் துண்டு விழுகிறது. ஐயா அவ்வளவு எழுதுகிறாரே, அவர் அறையில் குப்பையே இல்லையே? கூடையில் மருந்துச் சீட்டும் ஆரஞ்சுத் தோலும்தான் இருக்கும். ஒரு நாள் நாலு மணிக்கு மேல் கேட்டேவிட்டேன். சிஸ்டரம்மா என்னை மாமரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"அவர் இங்க வந்து ஒரு வரி எழுதலை. இப்ப வர்ற புஸ்தகம் எல்லாம் மெட்ராஸ்ல எழுதி வெச்சது. அவருக்குத் தூக்கம் போய்டுச்சு, அதைத் தேடித்தான் இங்க வந்தார்."

எப்படித் தூக்கம் போகும் என்று கேட்டேன். கதையில் அவர் சாகடித்தவர்களும் பட்டினி போட்டவர்களும், கண்ணை மூடினால் கட்டிலைச் சுற்றி வந்து நிற்கிறார்களாம். சந்தையில் தொலைந்துபோகிற ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருந்தாராம். அது வந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போ என்று அழுமாம். சிஸ்டரம்மா முக்காலி போட்டுக் கதவருகே உட்கார்ந்தால் மட்டும் உள்ளே வரமாட்டார்கள். அவர் பகலில் உட்கார்ந்தார், ஐயா பகலில் தூங்கினார்.

வாயில் எதுவும் தங்காத நான் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட.

ஐயாவின் உயிர் போனதும் அந்த மத்தியானத் தூக்க நேரத்தில்தான். நாலு மணிக்கு சிஸ்டரம்மா கதவைத் திறந்து, உள்ளே வா, ஐயா போய்விட்டார் என்றார். எப்போது என்று கேட்டேன். கதவை மூடிக் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு நின்றுவிட்டதாம், வெளியில் முக்காலியில் இருந்த சிஸ்டரம்மாவுக்கு அப்போதே தெரியுமாம். ஒரு மனுஷன் எத்தனையோ வருஷம் கழித்து முழுசாகத் தூங்குகிறாரே, நாலு மணி வரைக்கும் விட்டுவிட்டேன் என்றார். புடவை மடிப்புக் கலையாமல் நின்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அண்ணன் மகன் வந்து, உடனே ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கத்தினான். ஊரிலும் முணுமுணுத்தார்கள்.

அடக்கம் முடிந்தது. மறு வாரம் நான் ராட்டினத்துக் கட்டை அவிழ்க்கப் போனேன், இனி எதற்கு என்று. சிஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்குத் தூக்கம் வந்துடுச்சு. அவரைத் தேடி வந்தவங்களுக்கு? அவங்க எங்க போவாங்க? இங்கேயே தூங்கட்டும்."

அப்படியே இரண்டு மணிக்குக் கதவை மூடினார். முக்காலியைப் போட்டார். ஊரும் பழையபடி சத்தமில்லாமல் நடந்தது. ஐயாவின் ஆவி எழுதுகிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் கூடுதலானார்கள். வராந்தாவில் வந்து உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு தலையாகச் சாயும். என் மனசுக்குள் எனக்கும் ஆள் நடமாட்டம் தெரிந்தது. பெருக்கும்போது விளக்குமாற்றை ஒதுக்கி ஒதுக்கிப் போடுவேன், அந்தக் குழந்தை எங்கே படுத்திருக்கிறதோ என்று.

இப்படியே பல வருஷம். அதற்குள் ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகள் முளைத்துவிட்டன. என் மகளும் ஒன்றில் மேல்தோல் தைக்கிற மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கம்பெனி முதலாளி பாய் மாந்தோப்பைக் கேட்டு வந்தார். நல்ல மனுஷன். மோர் குடித்துவிட்டுத் தணிந்த குரலில்தான் பேசினார். "அம்மா, உங்களுக்கு பேஜார் குடுத்து எனக்கு ஒண்ணும் வேணாம். வீட்டுக்காரரு விக்கிறேன்னாரு, அதான் வந்தேன்." வீட்டுக்காரர் என்றால் அந்த அண்ணன் மகன்தான். அவன் சொன்னது இது. அரசாங்கத்தில் ஐயாவுக்கு நினைவு இல்லம் தேடுகிறார்கள், ஒரு குழு பார்க்க வரும். ஐயா இந்த வீட்டில் எழுதினது என்ன என்று காட்டினால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள், சிஸ்டரம்மாவும் அங்கேயே இருக்கலாம். காட்ட ஒன்றும் இல்லையென்றால் பாய் இடித்துவிட்டுக் கம்பெனி கட்டுவார். சிஸ்டரம்மா பாகாயத்தில் தம்பி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தம்பிக்கு அதில் இஷ்டமில்லை என்பது ஊருக்கே தெரியும்.

குழு வருகிற அன்று காலை, நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "ஒரே ஒரு பொய் சொல்லு சிஸ்டரம்மா. இந்த மேசைல எழுதினாருன்னு சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்? ஊரே அதைத்தான் சொல்லுது."

"ஜுரம் இல்லாத ஆளுக்கு சார்ட்ல ஜுரம்னு எழுதக்கூடாது, வாயாடி" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்குப் போற எடமும் இல்ல" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். கட்டுப் போட எனக்குத் தெரியவில்லை.

குழு என்றால் இரண்டு பேர். தலைவர் வயசானவர், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். கன்னம் ஒட்டி, கண் இரண்டும் குழிக்குள் இருந்தன. கூட ஒரு பேராசிரியர், சுறுசுறுப்பானவர், ஐயாவின் புத்தகப் பெயரையெல்லாம் கடகடவென்று சொன்னார். சாப்பாடு போட்டோம். சாப்பிட்டதும் பேராசிரியர் அறைக்குள் போய் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கடைசி நாவல் இந்த மேசையில எழுதினதுதானேம்மா?"

"இல்லைங்க" என்றார் சிஸ்டரம்மா.

"அப்போ எந்த அறையில?"

"எந்த அறையிலயும் இல்லைங்க. இங்க அவர் பேனாவே தொடலை. தூங்க வந்தார்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பேராசிரியர் ஃபைலை மூடிவிட்டார். மெட்ராஸுக்கு இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் நகரவில்லை. ஐயாவுக்கு என்ன ஆயிற்று, ஏன் தூக்கம் போயிற்று என்று கேட்டார். கட்டிலைச் சுற்றி வந்து நின்றவர்களைப் பற்றி சிஸ்டரம்மா சொன்னார். பேராசிரியர் ஒரு மாதிரி சிரித்தார். நோயாளி சொன்னதையும் நாங்கள் எழுதித்தான் வைப்போம் என்று சிஸ்டரம்மா அவரிடம் சொன்னார். தலைவர் சிரிக்கவில்லை. கட்டிலருகே வந்து கேட்டார்.

"சந்தையில தொலைஞ்ச அந்தப் புள்ள... அதுவும் வந்துச்சா?"

"அதுதாங்க முதல்ல வந்துச்சு."

"இருபது வயசுல படிச்சேன். எனக்கும் ஒரு புள்ள போனதுக்கப்புறம், அந்தக் கதைதான் ஞாபகம் வரும். படுத்தா வரும்." அறையைச் சுற்றிப் பார்த்தார். "இப்ப அது எங்கம்மா?"

"இங்கதான் தூங்குது" என்றார் சிஸ்டரம்மா. அவருடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். அவ்வளவு பெரிய உத்தியோகஸ்தர், குழந்தை மாதிரி முகத்தைக் காட்டினார். "நீங்களும் கொஞ்சம் படுங்க. ரெண்டு மணி ஆயிடுச்சு."

தலைவர் ஐயாவின் கட்டிலிலேயே படுத்தார். கதவு மூடியது. முக்காலி வந்தது. பேராசிரியர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், அப்புறம் உட்கார்ந்தார், அப்புறம் தூணில் சாய்ந்தார், கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். கார் டிரைவர் மாமரத்தடியில். என் வீட்டுக்காரர் பின்பக்கம். கீழே பச்சை வெளிச்சம், மேலே மஞ்சள் வெளிச்சம், நடுவில் இவ்வளவு பேருடைய மூச்சு. நான் அந்த மூச்சுகளைப் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன மூச்சும் கேட்ட மாதிரி இருந்தது. வெயில் மயக்கமாகவும் இருக்கலாம்.

நாலு மணி தாண்டியும் தலைவர் எழவில்லை. பேராசிரியர் விழித்துக்கொண்டு, எழுப்பலாமே என்று சைகை காட்டினார். சிஸ்டரம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பொழுது சாய்ந்து மலை கறுத்த பிறகுதான் கதவு திறந்தது. தலைவர் முகத்தில் பாய்க்கோடு இல்லை, தலையணைக்கோடு இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார், "நீங்க சொன்னதைத்தாம்மா எழுதப்போறேன். அவங்க ஒத்துக்குவாங்களான்னு தெரியலை." எழுதுங்கள் என்றார் சிஸ்டரம்மா.

அப்புறம் ரொம்ப நாள் ஒரு செய்தியும் இல்லை. பாயின் ஆட்கள் வந்து கயிறு பிடித்துத் தோப்பை அளந்துகொண்டு போனார்கள். சிஸ்டரம்மா தகரப் பெட்டியில் புடவைகளை அடுக்கி வைத்துவிட்டார். ஆனாலும் இரண்டு மணியானால் முக்காலியில்தான் இருப்பார். நான் அவருக்கு எதிரே தரையில் உட்காருவேன். பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னை நம்புங்கள்.

தலைவர் விடவில்லை. பெரிய ஆபீஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாராம். ஐயா இங்கே என்ன எழுதினார் என்று கேட்டவர்களிடமெல்லாம், எழுதின வீடு மட்டும்தான் வீடா, மனுஷன் வாழ்ந்த வீடு வீடில்லையா என்று கேட்டாராம். கடைசியில் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். பாய் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் கம்பெனி கட்டினார். வீட்டைச் சுற்றிக் காட்டுகிற வேலை சிஸ்டரம்மாவுக்கு.

திறப்பு விழாவுக்குத் தோப்பில் பந்தல் போட்டார்கள். குழாய் ஒலிபெருக்கி, நாதஸ்வரம், கலர்க் காகிதம். கேட்டில் பலகை மாட்டினார்கள். என் மகள் படித்துச் சொன்னாள், ஐயா வாழ்ந்த இல்லம் என்று எழுதியிருக்கிறதாம். எழுதினார் என்று எங்கேயும் இல்லை. சிஸ்டரம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மேடையில் ஒவ்வொருவராகப் பேசி முடித்து, சிஸ்டரம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும், மேடைக்கு வரவும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். நான் உள்ளே ஓடினேன். காலை வெயில் நேரத்தில், வெளியே அவ்வளவு இரைச்சலில், ஐயாவின் அறைக்குப் பக்கத்தில் தன் சின்னக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ரப்பர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நல்ல தூக்கம். லேசாகக் குறட்டை.

பின்னாலேயே தலைவர் வந்தார், கையில் பொன்னாடையோடு. வாசலில் நின்று பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.  அவர் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் உள்ளே போய், பொன்னாடையைப் பிரித்துக் கழுத்திலிருந்து கால்வரைக்கும் சிஸ்டரம்மாவுக்குப் போர்த்திவிட்டார். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ கைதட்டப் போனார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டரம்மா அசையவில்லை. ஜரிகைக் கரை மட்டும் அவர் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.